துண்டுக்குள் சொன்ன விலை

1962 ஆவணி 11, திங்கள். தென்காசி.

அந்தக் கார்க் கடைக்காரன் மூஞ்சியில் இனி விழிக்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன் முன்பணம் கட்டிப் பதிந்த கார். என் முறை வந்துவிட்டதாகக் கடிதம் வரவே இன்று திருநெல்வேலி போனேன். வேட்டியைப் பார்த்துவிட்டு மேனேஜர், "டிரைவர்லாம் வெளிய நில்லுங்க" என்றான். கடிதத்தை நீட்டிய பிறகுதான் நாற்காலி வந்தது.

கம்பெனி விலைக்கு மேல் வேறு தர வேண்டுமாம். அதற்கு ரசீது கிடையாதாம். எவ்வளவு என்று கேட்டால் அக்கம்பக்கம் பார்த்துக் கிசுகிசுக்கிறான். நான் எலுமிச்சை மண்டியில் இருபது வருஷமாகத் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவன். தோள் துண்டைக் கைமேல் போட்டு, "வாயால சொல்லக் கூசுதுன்னா விரலப் பிடிச்சுச் சொல்லும்வே" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். வெட்கங்கெட்டவன், உண்மையிலேயே உள்ளே கையை விட்டு இரண்டு விரலைப் பிடித்தான்!

மண்டியில் விலை படிந்ததும் ஊர் கேட்கக் கூவுவோம். நானும் எழுந்து நின்று, "ரசீது இல்லாம ரெண்டாயிரம்!" என்று கூவினேன். கடையே சிரித்தது.

"உம்ம வண்டி அடுத்த ஆளுக்குப் போவுது அண்ணாச்சி. முன்பணத்த வாங்கிட்டு நடையக் கட்டும்" என்றான் மேனேஜர்.

"திருட்டுப்பயலுக்கு நான் என்னலே அண்ணாச்சி?" என்று வந்துவிட்டேன்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரியால் பஸ்ஸில் உட்கார முடியாது. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் காரைத்தான் நம்பியிருந்தோம். வண்டி எங்கே என்று கேட்டாள். கலர் பிடிக்கவில்லை என்றேன்.

"படுத்துக்கிட்டுப் போறவளுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?" என்றாள்.