அழிக்காதே, முடக்கு

ஜூன் 4

என் இன்ஜினியர் சாருக்கு,

நலமா என்று கேட்கத்தான் பேனாவைத் திறந்தேன். போனில் பேசினால் நாலாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றீர்கள். தாளில் கத்த முடியாது, உங்களுக்கு வசதி.

நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் கிளம்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்த வீட்டுக்கு அது இன்னும் தெரியவில்லை. விடிவதற்குள் உங்களுக்காக ஹீட்டர் போட்டுக்கொள்கிறது. நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஹாலில் செய்தி வாசிக்கிறது. நீங்கள் படுக்கும் நேரம் வந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுகிறது. நேற்றுத் தலை வாரிக்கொண்டிருந்தேன், சீப்பும் கையுமாக இருட்டில் நின்றேன். கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னால், "ஆள் போனாலும் அதிகாரம் போகலை பாரு" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிவிக்குக் கீழே வைத்திருக்கிறீர்களே, வீட்டையே ஆட்டிவைக்கிற அந்தச் சின்னப் பெட்டி, அதைப் பிடுங்கிப் போட்டுவிடட்டுமா? எதைத் தொட்டால் எது நிற்கும் என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். நாள் முழுக்க லேபில் அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

பெட்டியைப் பிடுங்கித் தொலைத்துவிடாதே. வாசல் பூட்டும் அதில்தான் இருக்கிறது. அப்புறம் நீ வெளியே நிற்பாய்.

உன் போனில் செயலியைத் திற. அமைப்புகளுக்குள் 'இணைப்புகள்' என்று இருக்கும். ஹீட்டர், ஸ்பீக்கர், விளக்கு, ஜன்னல் என்று ஒவ்வொன்றையும் பெட்டியோடு சேர்த்த இணைப்பு அங்கே தனித்தனியாக நிற்கும். எது வேண்டாமோ அதைத் தொட்டு 'முடக்கு' என்பதை அழுத்து. மற்றவை பாட்டுக்கு ஓடும். பக்கத்திலேயே 'அழி' என்றும் ஒன்று இருக்கும், அதன் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. முடக்கினால் நான் செய்துவைத்தது அப்படியே உள்ளே இருக்கும், நினைத்தபோது திரும்ப ஓட விடலாம். அழித்தால் போனது போனதுதான்.

ஜன்னலை மட்டும் விட்டுவை. மழைக்கு முன்னால் அது தானாக மூடிக்கொள்வது அந்த இணைப்பால்தான். ஈரக்காற்று பட்டால் உனக்கு இழுப்பு வந்துவிடும்.

கடைசியில் என் போனின் இணைப்பு இருக்கும். நான் தெருமுனைக்கு வந்தால் சமையலறை விளக்கு எரியுமே, நீ டீக்குத் தண்ணீர் வைப்பாயே, அது. இனி எதற்கு? அதை முடக்கிவிடு.

இங்கே பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் வேலை. கதவு மூடப்போகும்போது யாரோ வருவதுபோல் மறுபடி திறந்துகொள்கிறது. வருவது யாருமில்லை. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறேன். அறைக்கு வந்தால் சுவிட்சை நானே போட்டு நானே அணைக்கிறேன்.

உன்
இன்ஜினியர் சார் (வெறும் மெக்கானிக்)


ஜூன் 20

என்னங்க,

ஹீட்டர் முடங்கியது. செய்தி வாசிப்பவர் வாயடைத்துவிட்டார். இந்த வீட்டில் முதல்முறையாக நான் சொல்லி ஒருவர் பேச்சை நிறுத்தினார். விளக்குகள் இப்போது என் பேச்சைக் கேட்கின்றன.

வாசல் கதவு உங்களுக்குச் செய்தி அனுப்புகிற இணைப்பையும் முடக்கிவிட்டேன். நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் போனுக்குத் தகவல் போகிறது என்று தெரிந்த அன்று எனக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. "நீ பத்திரமா வந்தியான்னு தெரிஞ்சுக்கத்தான் வெச்சேன்" என்றீர்கள். "வந்துட்டியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சுடுமா?" என்றேன். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்கு நீங்கள் வெளியூர் மாற்றல் வாங்கிக்கொண்டு போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

சமையலறை விளக்கையும் முடக்கிவிட்டேன், நீங்கள் சொன்னபடி.

லீவு கிடைத்தால் வாருங்கள். மூன்று மணி நேர பஸ்தானே. கத்தமாட்டேன் என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். ஆனால் டீ உண்டு. நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் ஓடவில்லை, இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வாயாடி


ஜூலை 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். வரத்தான் ஆசை. லீவு என்ற பேச்சை எடுத்தாலே சூப்பர்வைசர் எரிந்து விழுகிறார். இங்கே வந்ததிலிருந்து நம் தெருப்பக்கமே தலைகாட்ட முடியவில்லை.

சாயங்காலம் ஆனால் கை போனுக்குப் போகிறது. நீ வந்துசேர்ந்தாயா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம்தான். வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பயமாக இருக்கிறது. மெஷின் என்றால் எங்கே பழுது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தெருமுனை மருந்துக்கடையை மூடிவிட்டார்களே, உன் இன்ஹேலரை எங்கே வாங்குகிறாய்? தீரும்வரை காத்திருக்காதே.

உன்
இன்ஜினியர் சார்


ஜூலை 20

என்னங்க,

மருந்துக்கடை மூடியதை நான் உங்களுக்கு எழுதவில்லை.

சமையலறை விளக்கை முடக்கிவிட்டேன் என்று எழுதியது பொய். முடக்க மனம் வரவில்லை. நான் அந்தக் கடிதம் எழுதிய அடுத்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அது எரிந்தது. இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்தேன். முகம் கழுவிப் புடவை மாற்றினேன். கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். காலிங் பெல் அடிக்கவே இல்லை. தண்ணீர் சுண்டிப்போனது. கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உங்கள் கடிதம் வந்தது.

அடுத்த சனிக்கிழமையும் எரிந்தது. அன்றும் நான் இறங்கி வரவில்லை, பிடிவாதம்தான். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவருக்கு இன்னும் நாற்பது அடி நடந்து மணி அடிக்கத் தெரியாதா? "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே.

போன சனிக்கிழமை மழை. விளக்கு எரிந்ததும் என் பிடிவாதம் எங்கோ போய்விட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தேன். கீழ்வீட்டு அக்கா, "மழையில எங்கம்மா ஓடுற?" என்று கத்தினார். "அவர் வந்திருக்கார்க்கா" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மூடிய கடையின் ஓரத்தில் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பார்த்ததும் குடையை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

திரும்பி வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றார். "எங்கே அவர்?" என்றார். "வேற யாரோக்கா" என்றேன்.

அன்றிரவு இழுப்பு வந்து உட்கார்ந்தே கிடந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன்.

விடிந்ததும் செயலியில் உங்கள் போனின் இணைப்பைத் திறந்தேன். முடக்கு என்றும் இருந்தது, அழி என்றும் இருந்தது. நீங்கள் எழுதியது நினைவில் இருந்தது. அழி என்பதை அழுத்தினேன். உறுதியா என்று இன்னொரு தடவை கேட்டது. இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

ஜன்னலை விட்டுவைத்திருக்கிறேன். மூச்சு முட்டினால் ஓடிவர இங்கே ஆள் இல்லை.

நேற்றும் சனிக்கிழமை. இருட்டியதும் சமையலறை விளக்கை நானே போட்டேன். நீங்கள் தெருமுனையில் நின்றீர்களா இல்லையா, தெரியாது. ஒருவருக்கு மட்டும் தண்ணீர் வைத்தேன்.

இப்படிக்கு
நான்