ஆறு கிழமையில் மாறவேண்டிய கழுத்து

ரொறன்ரோ
12.03.1995

அன்புள்ள மங்கையற்கரசி அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் அதற்குள் உங்கள் அம்மா மடித்து வைத்த விபூதிப் பொட்டலமும் கிடைத்தன. பொட்டலம் வழியில் கிழிந்து, எழுத்தெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. ஊதிவிட்டு வாசித்தேன். அம்மாவின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்பது ஆறுதல். உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடி வேலை கிடைத்ததும்.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. நடைபாதையெல்லாம் கறுத்த சேறு. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து லிப்ற் மூன்று கிழமையாக வேலை செய்யவில்லை. நாங்கள் இருப்பது பதினோராம் மாடி. என் அறையில் இருக்கும் சிவபாதம் அண்ணை தன் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறுவார். அம்மாவின் விபூதியை நான் பூசவில்லை. அவர் எடுத்து முழங்காலில் பூசினார். மூன்றாம் நாள், "டேய் சிறி, உந்த விபூதி நல்ல சாமானடா, நோவெல்லாம் போயிட்டுது" என்றார். இப்போது இடையில் நிற்காமல் ஏறுகிறார். அவர் நம்பினார். கால் கேட்டது.

என் கழுத்துக் கேட்கவில்லை.

விழுந்தது போன வருடம் தை மாதம். ஸ்ரீட்கார் நிறுத்தத்தில், பனிக்கட்டியில். பெரிய அடி இல்லை. எழும்பி வேலைக்குப் போனேன். உணவகத்தில் முழு நேரமும் கோப்பை கழுவினேன். மறுநாள் கழுத்து இறுகிவிட்டது. ஆறு கிழமையில் மாறும், ஒன்றரை மாதம்தான் என்றார்கள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் கழுத்துப் பட்டியோடு இருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். சிவபாதம் அண்ணை எனக்கு வைத்திருக்கும் பெயர் அன்ரெனா. "அன்ரெனா, கொஞ்சம் அங்கால திரும்படா, படம் தெளிவில்லை."

எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை. நரம்புச் சோதனையிலும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை வேறொரு டொக்டரிடம் அனுப்பினார்கள். எனக்கு ஆங்கிலம் வரும். அது புத்தகத்தில் வாசித்த ஆங்கிலம். நோயைச் சொல்ல வராது. மொழிபெயர்க்க யூஜினி என்று ஒரு பெண் வந்திருந்தார். யாழ்ப்பாணம். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். டொக்டர் மெதுவாகப் பேசினார். யூஜினி சொன்னார்:

"உங்கட எலும்பில பிழையில்லையாம். நீங்கள்தான் உங்களை உடைஞ்ச ஆளெண்டு நம்பிக்கொண்டிருக்கிறீங்களாம். உடம்பு அதைக் கேட்டு நடக்குதாம். கண்ணை மூடிக்கொண்டு, நல்ல கழுத்தோட இருக்கிற ஆளா உங்களைப் பாக்கட்டாம்."

மூடினேன். ஒருவரும் தெரியவில்லை.

டொக்டர் இன்னும் ஏதோ சொன்னார். "அண்ணை, தலையாட்டச் சொல்லுறார்" என்றார் யூஜினி. நான் அசையவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்தாராக்கும், குரலை உயர்த்தினார். "தலையாட்டிக் காட்டுங்கோ, இப்பிடி, தலையாட்டி..." தன் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதற்கும் இணங்குகிறவன் என்று பொருள் இருக்கும். சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஆமிக்குத் தலையசைத்து ஆள் காட்டுகிறவன் என்பது நம் ஊர்களில் வந்த பொருள். யூஜினிக்கும் தெரியும். என் முகத்தில் என்ன கண்டாரோ. "இல்லையண்ணை, கழுத்தை மேல கீழ அசைக்கட்டாம்" என்று சொல்லை மாற்றினார். அதன் பிறகு சுவரைப் பார்த்துத்தான் மொழிபெயர்த்தார்.

அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஆமி உங்கள் தம்பி வினோதனை ஏற்றிய ட்ரக்கின் இலக்கம் தெரிந்தால், எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று தேடலாமாம். "நீயும் அண்டைக்கு வரிசையில இருந்தனிதானே தம்பி, ஆரும் இலக்கத்தைப் பாத்தவையோ?" அதற்கு மேல் வரியில், என் கழுத்துக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசச் சொல்லியிருந்தீர்கள்.

இலக்கம் எனக்குத் தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும்.

வரிசையில் இருந்த ஒருவரும் அதைப் பார்த்திருக்க முடியாது. எல்லோரையும் நிலத்தைப் பார்த்துக் குந்த வைத்திருந்தார்கள். ட்ரக் நின்றது வேப்பமரத்துக்குப் பின்னால். அது தெரியக்கூடிய இடம் ஒன்றுதான். மரத்தடியில் போட்டிருந்த கதிரை.

அந்தக் கதிரையில் நான் இருந்தேன்.

சீனிச் சாக்கு. இரண்டு ஓட்டை. மூன்று நாளுக்கு முன்பே என்னைப் பிடித்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் மாமா வீட்டில் நின்றேன் என்று உங்களுக்குச் சொன்னது பொய். வரிசையில் இருந்தேன் என்றதும் பொய்.

முகங்களைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கால்களை மட்டும் பார்த்தேன். செருப்பு. வெறுங்கால். செருப்பு. ஒவ்வொருவராக என் முன்னால் நிறுத்திப் போகவிட்டார்கள். ஐம்பது அறுபது பேர் போனார்கள். நான் அசையவில்லை. பக்கத்தில் நின்றவன் துவக்கின் பிடியை என் பிடரியில் வைத்தான். இன்னும் பத்துப் பேருக்குள் ஒருவரும் இல்லையென்றால் ட்ரக்கில் ஏறுவது நீதான் என்றான்.

ஏழாவதாக வினோதன் வந்தான். காலைக் கண்டதும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தேன்.

நாங்கள் இருவரும் வழியில் கண்டால் கை காட்டுவதில்லை, கூப்பிடுவதில்லை. தலையை ஒருமுறை கீழே அசைப்போம். கம்பஸிலும் அப்படித்தான், சந்தியிலும் அப்படித்தான். தெரிந்தவனைக் கண்டதும் தலை அசைந்துவிட்டது. ஐந்து வருடமாக எனக்கு நானே சொல்லி வருவது இதுதான். பழக்கம். வேறொன்றும் இல்லை.

ஆனால் பிடரியில் துவக்கு இருந்தது. அவன் ஏழாவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எண்ணாமல் எப்படித் தெரியும்?

அவன் பதிலுக்குத் தலையை அசைத்தான், அக்கா. ஒருமுறை. சாக்கைப் பார்த்து. பிறகு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நான் என்னைப் பற்றி நம்புவது பிழை என்று வைத்துக்கொண்டுதான் டொக்டர் வைத்தியம் செய்கிறார். பிழையை விட்டால் உடம்பு திருந்தும். நம்புவது சரியாக இருந்தால் என்ன செய்வது? கேட்க நினைத்தேன். யூஜினியைக் கொண்டு கேட்க வேண்டும். கேட்கவில்லை.

இதையெல்லாம் எழுதினால் கழுத்துத் திரும்பும் என்ற ஆசை எனக்கு இல்லை என்று ஒரு வரி எழுதினேன். வெட்டிவிட்டேன். ஆசை இருக்கிறது. முதல் தாள் முடிந்ததும் கண்ணாடிக்கு முன் போய் நின்று பார்த்தேன். அசையவில்லை.

இதனோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் இருக்கிறது. சட்டத்தரணி முன்னால் கையெழுத்திட்டது. திகதி, ட்ரக்கின் இலக்கம், ஏற்றியவனின் அடையாளம், நான் இருந்த இடம், என் முழுப்பெயர். உங்களை எனக்குத் தெரியும். கோபம் ஆறிய பிறகு, என் தங்கச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அவளுக்கு ஏதும் நடந்துவிடும் என்ற நினைப்பு வரும். இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாளை அடுப்பில் வைத்துவிடுவீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம். எங்கிருந்து பார்த்தது என்று சொல்லாவிட்டால் இலக்கத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள். தங்கச்சி அருள்நாயகியோடு தொலைபேசியில் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "குடுங்கோ அண்ணா" என்றாள்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

வினோதன் உயிரோடு திரும்பி வரவேண்டும். வந்து, அன்று நான் செய்தது என்னவென்று அவன் சொல்வதை நீங்கள் நம்புங்கள். நானும் அதையே நம்புவேன்.

எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்திடும்,
கந்தையா ஸ்ரீஸ்கந்தராசா