தாள் அணியின் கீப்பர்

ஜெலுத்தோங்,
14.6.1993

அன்புள்ள தம்பி பாக்கியநாதனுக்கு,

ஆண்டவர் துணையால் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை நேரிலேயே கேட்கலாம் என்றிருந்தோம். வெளியூர் கால்பந்து அணியோடு சொந்த ஊருக்கு ஆட வந்தவன், ஆட்டம் முடிந்ததும் வீட்டை எட்டிப் பார்க்காமல் குவாந்தானுக்குப் பஸ் ஏறிவிட்டாய். அம்மா திருக்கை மீன் குழம்பு வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார்கள். "டீம் பஸ் உடனே கிளம்பியிருக்கும்லா" என்றேன். அம்மா நம்பினார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

மூன்று கோல் வாங்கிய வெட்கமா? உனக்கு முன்னால் நின்ற பின்வரிசைக்காரர்கள் பசாருக்குக் காய் வாங்க வந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். நீ என்ன செய்வாய்? கோபம் என்றால் எழுது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்காதே.

உன் அக்கா,
சவுந்தரம்


குவாந்தான்,
19.6.1993

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பஸ் ஒரு மணி நேரம் நின்றது. நான்தான் இறங்கவில்லை.

நீங்கள் மூன்றாவது வரிசையில் பச்சைக் குடையோடு உட்கார்ந்திருந்தீர்கள். பினாங்கின் பத்தாம் நம்பர்காரன் கடைசி கோலை அடித்ததும் வலையிலிருந்து பந்தை எடுக்கத் திரும்பினேன். நீங்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தீர்கள். பினாங்கே குதிக்கட்டும், அது அவர்கள் ஊர் அணி. நீங்கள் குதிக்கலாமா?

ஒர்க்‌ஷாப் தகரக் கதவுக்கு முன்னால், சின்ன வயதில் நீங்கள் பந்து அடிக்க ஆசைப்பட்டதால்தான் நான் பிடிக்க நின்றேன். அப்படி ஆரம்பித்த கீப்பர் நான்.

கோச் அடுத்த ஆண்டுக்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடவில்லை. இந்த சீசனோடு கையுறையைக் கழற்றிவிட்டு, பேங்க் வேலையே போதும் என்று இருந்துவிடப் போகிறேன்.

தம்பி,
பாக்கியநாதன்


ஜெலுத்தோங்,
24.6.1993

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். குதித்தது நிஜம்.

எங்கள் பட்டர்வொர்த் ஆபீசில் ஒரு விளையாட்டு நடக்கிறது. எல்லா மாநில அணிகளிலிருந்தும் பிடித்த பதினொரு பேரை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் அடிக்கிற கோலுக்கு நமக்குப் புள்ளி. கேப்டனுக்கு இரட்டிப்பு. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும் ஃபெரிப் படகில் ஆபீஸ் நண்பர் கமாலுதீன் பேப்பரை விரித்து யார் முதல் இடம் என்று சொல்வார். பதினான்கு பேரில் நான் ஒருத்திதான் பெண். நான்தான் முதல் இடம். என் கேப்டன் அந்தப் பத்தாம் நம்பர்காரன்.

அவன் அடித்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. பந்து யாரைத் தாண்டிப் போனது என்று பிறகுதான் உறைத்தது.

நீ கேட்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். என் தாளில் கீப்பர் நீ இல்லை. வாங்குகிற ஒவ்வொரு கோலுக்கும் கீப்பருக்கு ஒரு புள்ளி குறையும். முதலில் உன் பெயரைத்தான் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு கெடா மாநில அணியின் கீப்பரைப் போட்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமை வந்தாலே நிம்மதியில்லை. நீ ஒரு பந்தைப் பிடித்தால் சந்தோஷம், அது என் ஆள் அடித்ததாக இருந்தால் கூடவே எரிச்சலும் வருகிறது. இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என்னைத் திட்டு. ஆட்டத்தை விட்டுவிடாதே.

அக்கா,
சவுந்தரம்


குவாந்தான்,
1.7.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் எனக்குப் பெரிய கோபம். "தாள்ல எழுதக்கூட நான் லாயக்கில்லையா?" என்று பேங்க்கில் கூட வேலை பார்க்கும் மீரா சாகிப்பிடம் புலம்பினேன். "நீயே ஒரு தாள் எழுதிப் பாரேன் தம்பி" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். கீப்பர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எங்கள் பின்வரிசையை நினைத்துப் பார்த்தேன். பிறகு நானும் அந்தக் கெடாக்காரனையே எழுதினேன். சிரிப்பு வந்துவிட்டது அக்கா. பக்கத்து மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெயர் எழுதாததை மன்னித்துவிட்டேன். குதித்ததுதான் இன்னும் வலிக்கிறது. கையெழுத்தும் இன்னும் போடவில்லை.

தம்பி,
பாக்கியநாதன்


ஜெலுத்தோங்,
6.7.1993

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். சீசன் முழுவதற்கும் இரண்டே இரண்டு மாற்றம்தான் உண்டு. எனக்கு ஒன்று மிச்சம் இருந்தது. போன வாரம் திங்கட்கிழமை ஃபெரியில் கெடாக்காரனை நீக்கிவிட்டு உன்னைப் போட்டேன்.

கமாலுதீன் தாளைப் பார்த்துவிட்டு, "சவுந்தரம், முதல் இடத்துல இருந்துகிட்டு யாராவது இந்தக் கீப்பரை எடுப்பாங்களா லா?" என்றார்.

"அவன் அக்கா எடுப்பா" என்றேன். உன் புண்ணியத்தில் இந்த வாரம் மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டேன்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பத்தாம் நம்பர்காரன்தான் இன்னும் என் கேப்டன். அவனை மாற்ற வழியும் இல்லை, மனமும் இல்லை. 24ஆம் தேதி அவன் குவாந்தானுக்கு ஆட வருகிறான். அவன் அடித்தாலும் எனக்குப் புள்ளி, நீ தடுத்தாலும் எனக்கு நல்லது. அம்மாவும் நானும் வரலாமா? வேண்டாம் என்றால் ரேடியோவில் கேட்டுக்கொள்கிறோம்.

அக்கா,
சவுந்தரம்


குவாந்தான்,
12.7.1993

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். மீன் இங்கே நன்றாகக் கிடைக்கும். அம்மாவை மசாலாவை மட்டும் அரைத்து எடுத்துவரச் சொல்லுங்கள். இந்த முறை குழம்பு காத்திருக்காது.

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோச் காரணம் கேட்டார். "அக்கா மூணாவது எடத்துக்கு இறங்கிட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

டிக்கெட் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால். ஆட்டத்தின் ஒரு பாதி முழுக்க என் முதுகுதான் உங்களுக்குத் தெரியும். பத்தாம் நம்பர்காரன் அடித்துவிட்டால் தாராளமாகக் குதியுங்கள். பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன், உங்களைப் பார்க்க மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு உங்களைக் குதிக்க விடுவதாக இல்லை.

உங்கள் கீப்பர்,
பாக்கியநாதன்