பராமரிப்பவர்: சவரிமுத்து

என் சவரி அண்ணனுக்கு,

நைனார்பாளையத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. யாரிடம் கேட்பது?

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள். உன் கன்டெய்னர் இமேஜைத்தான் நான் கெடுத்துவிட்டேன்.

அது என்ன என்று அம்மா கேட்டபோது நீ சொன்னதையே இந்தக் கடிதத்தைப் படிக்க நேர்பவர்களுக்கும் சொல்கிறேன். "புரோகிராம் எழுதறவங்களுக்கு வேணும்ற சாமான், எழுதனதக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற கம்பைலர், அத்தனையும் சேத்துக் கட்டன மூட்டைம்மா. எந்த ஊர்ல பிரிச்சாலும் ஒடனே ஒல வைக்கலாம்." கம்பைலரின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் சம்பளமில்லாமல் அதைத் திரும்பக் கட்டி இணையத்தில் வைத்தாய். நீ போனபின் உன் கணக்கில் நுழைந்து நான் கட்டினேன். பராமரிப்பவர் என்ற இடத்தில் உன் பெயரை அப்படியே விட்டேன். நீ இறந்ததை யாருக்கும் சொல்லவில்லை. "நன்றி சவரி" என்று எவனாவது எழுதினால் நீ அடுத்த அறையில் இருக்கிற மாதிரி இருக்கும். அதற்கு ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

போன வாரம், இமேஜ் ரொம்பப் பெரிசு, இறக்க நேரமாகிறது என்று புகார் வந்தது. அளவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, வேண்டாதவை என்று நினைத்த கோப்புகளைத் துடைத்தேன். பழைய நிரல்களுக்கு வேண்டியதும் அதில் போய்விட்டது. நீயானால் ஒரு பழைய நிரல், ஒரு புதிய நிரல் இரண்டையும் கம்பைல் செய்து பார்க்காமல் வெளியிடமாட்டாய். நான் புதியதை மட்டும் பார்த்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சரிதான்.

மறுநாள் யார் யாருக்கோ வேலை நின்றுபோனது. திட்டு உனக்கு விழுந்தது. "சவரிக்கு இப்போதெல்லாம் அக்கறையே இல்லை" என்று ஒருவர். "பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் போகட்டும்" என்று இன்னொருவர். போனவனைப் போகச் சொல்கிறார்கள், அண்ணா!

துடைத்ததைத் திரும்ப வைத்துச் சரிசெய்துவிட்டேன். மன்னிப்பை யார் பெயரில் கேட்பது?

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அவன் பேர எடுத்துடப் போறியா?"

"நான் பண்ண தப்புக்கு அண்ணனத் திட்டிக்கினு இருக்காங்கம்மா."

"ரேசன் கார்டுல எடுத்துட்டாங்க. இதுலயாச்சும் இருக்குதேன்னு இருந்தேன்." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். பிறகு, "இன்னா பண்றது. செஞ்சது நீ, நீயே சொல்லிடு. எம் புள்ள பேச்சு வாங்க வேணாம்" என்றாள்.

எழுதிவிட்டேன்: "சவரிமுத்து எட்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். அதன்பின் நடந்த தவறுகள் என்னுடையவை." இன்னும் அனுப்பவில்லை, விரல் வரமாட்டேன் என்கிறது. இங்கே நாங்கள் உன்னைப் புதைத்துவிட்டோம். அதை அனுப்பினால், முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நீ இன்றைக்குத்தான் சாவாய்.

ஆனாலும் இந்தக் கடிதத்தை முடித்ததும் அனுப்புகிறேன், அண்ணா. இனி எது உடைந்தாலும் திட்டு என் பெயருக்கே வரும். சத்தியம்.

எட்டு மாதமாக உன் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த உன் தங்கை,
பிலோமினா