என் கையில் அவள் பல்வரிசை

பிப்ரவரி 4, புதன்

மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து போன். கையில் யாரோ ஒரு பெரியவருக்கான மேல்வரிசை. அதைப் பிடித்தபடியே பேசினேன்.

"ஆயாவைக் கடிச்சிட்டாம்மா. நாற்காலியைத் தூக்கி எறிஞ்சிட்டா. வந்து கூட்டிட்டுப் போங்க."

பல் செட் செய்பவளின் மகள் கடிக்கிறாள். "டெஸ்ட் பண்ண வீட்டுலயே ஆள் வெச்சிருக்கீங்க போல" என்று எங்கள் லேப் முதலாளி அண்ணன் ஒருமுறை கேலி செய்தார். சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

நான் போனபோது எலிக்குட்டி வகுப்புக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். (தொட்டில் கம்பியைக் கொறித்த அன்று என் வீட்டுக்காரர் வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.) ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைப் பிடித்தாள். கையைத் திறந்து பார்த்தாள். போ என்று விட்டுவிட்டாள். நாற்காலி எறிந்த கை அதேதானா? நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் உலகத்தில் தூசி மட்டும்தான் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

இனி அனுப்ப வேண்டாமாம். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இவருடைய அக்கா வந்திருந்தார். எலிக்குட்டி அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஆறு வயசு ஆகப்போவுது, இப்படியா? செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கீங்க."

அக்கா போன பிறகு இவர் பாத்திரம் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்: "ஊருக்கு வெளிய ஒரு விடுதி இருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே. வாரக் கடைசியில போய்ப் பாத்துக்கலாம்."

கழுவி வைத்த தட்டை எடுத்துத் துடைத்தேன்.

"பஸ் ஓட்டும்போதுகூட பாக்கெட் மேலயே நெனப்பு எனக்கு. எப்ப போன் வருமோன்னு. அவ வளருவா. நமக்கு வயசாகும். அப்ப?"

அப்ப? அடுத்த தட்டை எடுத்தேன்.

பிப்ரவரி 11, புதன்

வேலையில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது போல. தட்டுகளில் இருந்த பல் செட்டுகள் எல்லாம் மெல்லத் திறந்து மூடுகின்றன. எலிக்குட்டி சொல்ல நினைப்பதை எனக்குச் சொல்லப் பார்க்கின்றன. நாக்கு இல்லையே, பாவம். மெழுகு தீயும் வாசனையில் விழித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

ஆப்பிள் துண்டு கொடுத்தேன். சுவரில் எறிந்தாள். எடுக்கக் குனிந்தவளை முன்கையில் கடித்தாள். விடவே இல்லை. பிறகு அப்படியே தரையில் படுத்துத் தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு.

கையைக் குழாயடியில் நீட்டினேன். வலி கொஞ்சம் அடங்கியதும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. மேல்வரிசை நன்றாகப் பதிந்திருக்கிறது. கீழே முன்பல் ஒன்று மட்டும் சாய்ந்து, பட்டும் படாமலும் —

ஆடுகிறது. இவளுக்குப் பல் ஆடுகிறது!

சாப்பாட்டில் கை வைத்தாலே "உடையுது, உடையுது" என்று கத்துவாளே. பொம்மையைச் சொல்கிறாள் என்றல்லவா நினைத்தோம். தன்னைச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

லேப் சாவியை அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். "அவளையா கூட்டிட்டுப் போறீங்க?" என்று ஒரு நிமிடம் யோசித்தார். "எது உடைஞ்சாலும் நானே செஞ்சு குடுக்கறேண்ணே" என்றேன்.

அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தாடை அச்சுகள். மூடிய திரை வழியாகப் பால் போல வெளிச்சம். எலிக்குட்டி பூனை நடை நடந்தாள். ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். கீழே போட்டாள். உடைந்தது. என் முகத்தைப் பார்த்தாள் — எப்போதும் வரும் கத்தலுக்காக. எனக்கு என்னவோ வரவில்லை. அந்த வெளிச்சம் காரணமாக இருக்கலாம்.

டாக்டர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு குழந்தைத் தாடை மாடல் உண்டு. பக்கவாட்டில் திறந்து பார்க்கலாம். திறந்து காட்டினேன்.

"பாரு. குட்டிப் பல்லுக்குக் கீழ பெரிய பல்லு. வெளிய வரணும்னு தள்ளுது."

"தள்ளுதா?"

"ஆமா. அதான் ஆடுது. நீ உடையலடா."

ரொம்ப நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். அவளாகவே. என் விரல் உள்ளே போனது. சின்னப் பல், ஈரத்தில், ஊஞ்சல் மாதிரி ஆடியது. அவள் மூச்சு என் கையில் பட்டது. விரலை எடுக்க மனசே இல்லை.

கடிக்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். ஒரு பல்லோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனா? நினைத்தேன்தான்.

பிப்ரவரி 21, சனி

இவர் தனியாகப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றாமலே வாசல்படியில் உட்கார்ந்தார்.

"சுத்தமா இருக்கு. நல்லவங்களாத்தான் தெரியறாங்க."

"ம்."

"திரும்பி வர்ற வழியெல்லாம் ஒரே யோசனை. அங்க அவளுக்குக் கோவம் வந்தா... யாரைக் கடிப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நான் குனிந்து அவர் செருப்பைக் கழற்றினேன். காலை ஷிப்ட் கேட்டிருக்கிறாராம். மதியத்திலிருந்து வீட்டில் இருப்பார். நகரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பகல் வகுப்பு இருக்கிறதாம், விசாரிக்க வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

பகல் வகுப்பில் முதல் நாள். டீச்சர் போன் செய்தார்.

"கடிச்சிட்டா."

"ஐயோ, மன்னிச்சிருங்க —"

"ஊசி போட்டுக்கிட்டேன். அதுக்கில்ல. நாளைக்கு ஒரு மாத்து டிரஸ் குடுத்து அனுப்புங்க, தண்ணில விளையாடறா."

நாளைக்கு! நாளைக்கு என்றார்.

மே 5, செவ்வாய்

தபால் நிலையத்தில் நீண்ட வரிசை. மின்விசிறிச் சத்தம், முத்திரை குத்தும் சத்தம், யாருடைய கைக்குழந்தையோ வீரிட்டு அழுதது. என் கைக்குள் அவள் விரல்கள் விறைப்பதை உணர்ந்தேன். போச்சு, ஓடணும், எந்தப் பக்கம் கதவு —

"அம்மா. கடிக்கப் போறேன்."

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

சொல்கிறாள். முன்கூட்டியே சொல்கிறாள்! இதுவரை ஒருநாளும் — நான் மண்டியிட்டேன். என் தோள்பையின் வாரை நீட்டினேன். "இதக் கடி."

என்னைப் பார்த்தாள். வாரைப் பார்த்தாள். கவ்விக்கொண்டாள். கண் இரண்டையும் மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க.

"என்ன ஆச்சு உங்க பொண்ணுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"கோவமா இருக்கா" என்றேன்.

வரிசை நகர்ந்தது. நாங்களும் மெல்ல நகர்ந்தோம், வாரின் ஒரு முனை என் தோளில், மறுமுனை அவள் பல்லில்.