பதினேழு ஞாயிறுகள்

சீசா, பலேர்மோ
12 பெப்ரவரி 2026, வியாழக்கிழமை

அன்பு மகள் கேசிகாவுக்கு அப்பா எழுதுவது.

பேர்மிங்ஹாமில் இந்தக் கிழமை பனி என்று செய்தியில் பார்த்தேன். நீ சுகமாக, சூடாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் வயதைச் சொல்கிறது.

உன் குடியுரிமை விண்ணப்பத்துக்காக நீ கேட்ட தீர்ப்பின் பிரதி இத்துடன் இருக்கிறது. 2011இல் உன்னை அம்மாவின் பொறுப்பில் விட்ட தீர்ப்பு. நான்கு பக்கம், ஒவ்வொன்றிலும் முத்திரை உண்டு. உன் வழக்கறிஞர் மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது தாள்களைச் சேர்த்து அடித்திருக்கும் கம்பியைக் கழற்றவேண்டாம் என்று சொல்லு. கழற்றினால் செல்லாது என்று இங்கே சொன்னார்கள்.

நவம்பரில் நீ அனுப்பிய செய்தி இரண்டு வரி. முதல் வரியில் தீர்ப்பு வேண்டும், அம்மாவின் பெட்டிகளில் தேடிவிட்டேன், இல்லை என்று இருந்தது. அண்டைக்கு ஏன் கோட்டுக்கு வரேல்லை எண்டு இப்ப நான் கேக்கேல்லை, பேப்பரை மட்டும் அனுப்புங்கோ என்பது இரண்டாவது வரி. பேப்பர் கிடைத்துவிட்டது. நீ கேட்காததற்கும் பதில் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகிறது.

நீதிமன்றத்தில் பழைய வழக்கேடு பார்க்கும் சாளரம் காலையில் மட்டும்தான் திறக்கும். எனக்கு ஓய்வு வியாழன் பின்நேரமும் ஞாயிறும். நான் பார்த்துக்கொள்ளும் முதியவருக்கு இப்போது தொண்ணூற்றொரு வயது. தினமும் காலையில் என்னை டொக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டுவார். அவருடைய மகளிடம்தான் காலை விடுமுறை கேட்க வேண்டியிருந்தது. உனக்கும் கோட்டுக்கும் என்ன, இந்த வயதில் கல்யாணமா களவா என்று அந்தச் சிஞ்ஞோரா சிரித்தார். மகளுக்காக என்றேன். உனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டார். அந்த வீட்டில் எனக்கு ஆறு வருடம். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் போ என்றார்.

முதல் தடவை டிசம்பர் 3ஆம் திகதி போனேன். வழக்கு எண் என்ன என்று எழுதுவினைஞர் கேட்டார். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண். என்னிடம் எண் இல்லை. அப்படியானால் வருடமும் வழக்குத் தொடுத்தவரின் பெயரும் வேண்டும் என்றார். வருடம் சொன்னேன். சந்திரமதி என்று சொன்னேன். கணினியில் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் அவர்களைப் பார்த்து, இவர் மனைவியின் பெயரைத் தேடுகிறார், உங்களில் யாருக்காவது அவசரமா என்று கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, உங்கள் நாட்டில் இந்தப் பெயரை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எழுதுங்கள் என்றார். என் பெயரைச் சேர்த்து ஒன்று, அம்மாவின் தகப்பனான உன் தாத்தாவின் பெயரைச் சேர்த்து ஒன்று, இரண்டும் சேர்த்து ஒன்று எழுதினேன். தாத்தாவின் பெயரில் இருந்தது. என் பெயரை விட்டுவிட்டுத்தான் அம்மா போயிருக்கிறார் என்பதை அந்தச் சாளரத்தில் அறிந்தேன்.

வழக்கேடு ஊருக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் இருந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். வழக்கில் ஒரு தரப்பு என்பதற்கு அடையாள அட்டை காட்டினேன். குழந்தை சம்பந்தப்பட்ட ஏட்டை வேறு யாருக்கும் காட்டமாட்டார்கள். ஜனவரி 14ஆம் திகதி போனபோது இன்னும் வரவில்லை. பெப்ரவரி 4ஆம் திகதி புதன்கிழமை வந்திருந்தது.

அன்றைக்குப் பீலிக்ஸ் என்னுடன் வந்தார். உனக்கு நினைவிருக்கலாம், மன்னார் பீலிக்ஸ், துறைமுகத்தில் வேலை செய்பவர், உனக்குச் சைக்கிள் பழக்கியவர். நான் அம்மாவையும் உன்னையும் விட்டு வெளியே வந்தபின் சீசாவில் அவருடன்தான் ஒரே அறையில் இருந்தேன். அவரை வெளி வாங்கில் இருக்கவைத்துவிட்டு, எனக்குக் காட்டிய மேசையில் இருந்து ஏட்டைத் திறந்தேன்.

எதைத் தேடினேன் என்பதை உனக்கு ஒளிக்கக்கூடாது. தீர்ப்பை எடுக்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு அழைப்பு வரவில்லை என்பதற்கு ஆதாரம் தேடினேன். பதினான்கு வருடமாக நான் எல்லோரிடமும் சொல்லிவந்த கதை அதுதான். எனக்குத் தெரியாமல் சந்திரமதி வழக்கை முடித்தாள், ஒரு துண்டுகூட எனக்கு வரவில்லை. கோவில் திருவிழாவில் சொன்னேன், தொலைபேசியில் சொன்னேன். சென்ற பங்குனியில் அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் வராததற்கும் அந்தக் கோபம்தான் காரணம்.

ஏட்டில் ஒன்பதாவது தாள் ஒரு சிறு அட்டை. அழைப்பைக் கொண்டுவந்த தபால்காரர், வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பிய அட்டை. திகதி 4 ஒக்டோபர் 2011. கையெழுத்து தமிழில் இருக்கிறது. அது என்னுடையது.

கேசிகா, அந்த உறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சை நிறம். ஊரிலிருந்து பார்சல் என்று நினைத்துப் படியிறங்கி ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் இங்கே இருப்பதற்கான அனுமதி, என் பெர்மெசோ, முடிந்துபோய், புதுப்பிக்க வழியில்லாமல் இருந்தேன். பச்சை உறை என்றால் நாட்டைவிட்டு அனுப்பும் கட்டளை என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பயம். உடைக்காதேங்கோ அண்ணை, உடைச்சால்தான் அது உங்களைப் பிடிக்கும், உடைக்காட்டி அது தபால்காரன்ரை கடதாசி என்றார் பீலிக்ஸ். அப்போது எங்களில் பலர் அப்படித்தான் நம்பினோம். வாசித்தவனுக்குத்தான் கட்டளை. வாசிக்காதவனிடம் யார் என்ன கேட்கமுடியும்?

பெலெக்றீனோ மலைக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வாங்கிவந்த புனிதை சாந்தா றொசாலியாவின் படம் எங்கள் சுவரில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்தது. உறையை அதன் பின்னால் செருகினேன். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. 2013இல் பெர்மெசோ கிடைத்த அன்று, ஆபத்து நீங்கியது என்று, உடைக்காமலே நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு மலைக்கு நடந்துபோய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நடுவில் ஒருநாள், 2011 நவம்பர் கடைசியில், உன்னைப் பார்க்க வந்தேன். அம்மா கதவு திறக்கவில்லை. கோட்டுக்கு வராதனீங்கள் வீட்டுக்கு ஏன் வாறியள் என்று வாசல் மணிக் கருவியில் கேட்டார். எந்தக் கோட்டுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தொடர்பை வைத்துவிட்டார். நீதிமன்றத்துக்குப் போய் விசாரிக்கவும் பயம், வாசலிலேயே பொலிஸ் நிற்கும். கோபப்படுவது சுலபமாக இருந்தது. அழைப்பு வரவில்லை என்பதும் பச்சை உறை ஒன்று வந்தது என்பதும் என் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் பதினான்கு வருடம் இருந்தன. நான் ஒரு நாளும் நடுக்கதவைத் திறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்கு ஒன்பது வருடம் நீதிமன்றச் செய்தி எழுதினேன் என்பது உனக்குத் தெரியும். அழைப்பாணை கிடைத்தும் சமுகமளிக்கவில்லை என்ற வரியை நூறு தடவையாவது எழுதியிருப்பேன். அந்த ஆள் ஏன் வரவில்லை என்று ஒரு தடவையும் விசாரித்ததில்லை.

உறையை உடைத்திருந்தால் வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்று எழுதக் கை போகிறது. ஆனால் வாசலில் நின்ற பொலிஸை நினைத்தால் எனக்கு நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாததை எழுதமாட்டேன்.

அடுத்த தாள் விசாரணைக் குறிப்பு. 9 நவம்பர் 2011, புதன், ஒன்பதரை மணி. நீதிபதி உன்னைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். உனக்குப் பன்னிரண்டு வயது. நீ அதை மறந்திருக்கலாம், உள்ளபடி எழுதுகிறேன். தந்தை எங்கே என்று கேட்டதற்கு, அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், அந்த பஸ் எப்போதும் பிந்தித்தான் வரும் என்று சிறுமி கூறினாள். விசாரணை பத்து நாற்பது வரை ஒத்திவைக்கப்பட்டது. அழைக்கப்பட்டவர் சமுகமளிக்கவில்லை.

இவ்வளவுதான் அதில் இருக்கிறது. எழுதுவினைஞர் எனக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் புதன்கிழமை காலைகளில் நான் சீசாவில் ஒரு ஆறுமாடிக் கட்டிடத்தின் படிகளைக் கழுவினேன். போன ஞாயிறு அந்தக் கட்டிட வாசலில் இருந்து நீதிமன்ற வாசலுக்கு நடந்து பார்த்தேன். இந்த முழங்காலுடன் பதினெட்டு நிமிடம். பஸ் தேவையே இல்லை, பிள்ளை.

வெளியே வந்து பீலிக்ஸிடம் சொன்னேன். அவர், அண்ணை, உறையை நான் வாங்கினது எண்டு பிள்ளைக்கு எழுதுங்கோ என்றார். தமிழ்க் கையெழுத்து, ஆருக்குத் தெரியப் போகுது, உடைக்காதேங்கோ எண்டு சொன்னவனும் நான்தானே, எனக்கு இஞ்சை இழக்கிறதுக்குப் பிள்ளை குட்டி இல்லை, என்ரை தலையிலை போடுங்கோ என்றார். அதற்குப் பிறகு, ஆனால் அவவுக்குச் சைக்கிள் பழக்கினது நான்தான் எண்டதையும் மறக்காமல் எழுதுங்கோ, கொஞ்சம் தண்டனை குறையும் என்றார். அவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றோம்.

அன்று மாலை அவர் சொன்னபடி ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம், நீ நம்பியிருப்பாய். காலையில் கிழித்துவிட்டேன். அம்மாவைப் பற்றி ஒரு பொய்யைப் பதினான்கு வருடம் சொன்னவன், அவர் போனபின் புதிதாக இன்னொன்று தொடங்கக்கூடாது.

கடைசியாகத் தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தைப் பார். வராத தந்தைக்கும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். நவம்பர் 20 முதல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை, தந்தை மகளைப் பார்க்கலாம். தாய் அதற்கு மகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. அன்று முதல் நீங்கள் பலேர்மோவை விட்டுப்போன 2012 ஜூலை முதலாம் கிழமை வரை நாட்காட்டியை வைத்து எண்ணினேன். பதினேழு ஞாயிறுகள். அந்த ஞாயிறுகளில் அம்மா உனக்குத் தலை பின்னி விட்டாரா, நீ வெளிக்கிட்டு இருந்தாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இருந்திருந்தால், கோட்டுக்கு வராதனீங்கள் என்று அம்மா கேட்டது மிகக் குறைவு.

அட்டையினதும் விசாரணைக் குறிப்பினதும் பிரதிகளைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். விண்ணப்பத்துக்கு அவை தேவையில்லை, உனக்குரியவை. பார்க்க விருப்பமில்லாவிட்டால் உடைக்காமல் அப்படியே வைத்திரு. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்மாதிரி உண்டு.

வேறு செய்தி இல்லை. இங்கே மழை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பத்து மணி முதல் ஆறு மணி வரை அறையில்தான் இருப்பேன். இந்தக் கிழமையிலிருந்து அப்படி முடிவு செய்திருக்கிறேன்.

இதைப் பதிவுத் தபாலில், திரும்பும் அட்டையுடன் அனுப்புகிறேன். நீ பதில் எழுதவேண்டியதில்லை, அப்படி உன்னைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. வாங்கும்போது கையெழுத்து மட்டும் போடு. அந்த அட்டை எனக்குத் திரும்பி வரும். நீ இப்போது எப்படிக் கையெழுத்துப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியாது.

நீ போகும் இடமெல்லாம் உனக்கு நேரத்துக்குப் பஸ் வரட்டும்.

உன் அப்பா,
பேரின்பநாயகம்