நீங்கள் சரி போட்ட வயல் படம்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் உங்கள் படத்தைத் திறக்கிறார்கள். மகள் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோரும் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ராஜாக்கள் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லாத வரலாற்று வாத்தியார் கீழ்வேளூர்ப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான். “கல்வெட்டுல நிலம் குடுத்தவன் பேரு இருக்கு. அதுல இறங்கி உழுதவன் பேரு எங்க?” என்று கேட்பீர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஊர் வயல்களைப் படம் வரையச் சொன்னீர்கள். பட்டாக்காரர் பெயரை எழுதக் கூடாது, உழுகிறவர் பெயரைத்தான் எழுத வேண்டும். நம் வாய்க்கால்கரை வயலில் எங்கள் வகுப்புச் செல்வராசு தன் அப்பா மாரிமுத்துவின் பெயரை எழுதினான். நானும் அதையே எழுதினேன். இரண்டுக்கும் சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்திட்டீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. மேடை ஏறி அதை வரவேற்றுப் பேசினீர்கள். நான்கூடக் கை தட்டினேன். பிறகு தாலுகா ஆபீசிலிருந்து அதிகாரி நம் வீட்டுக்கே விசாரிக்க வந்தார். மாரிமுத்துவிடம் சீட்டு ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. உங்களை நம்பித்தானே அவர் எழுதி வாங்காமல் இருந்தார்? மகனுடைய நோட்டைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

“வாத்தியாரய்யா, இது நீங்க போட்ட கையெழுத்துதானுங்களே?”

“அது பசங்க பாடம்ப்பா. அதெல்லாம் ஆதாரம் ஆகாது” என்றீர்கள். அதிகாரியிடம் சொந்தச் சாகுபடி என்று எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள்.

என் நோட்டு அலமாரியில் இருந்தது. நான் கதவோரம் நின்றேன், எடுத்து வந்து நீட்டவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வயல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

அடுத்த குறுவைக்கு மாரிமுத்து அந்த வயலில் இறங்கவில்லை. பக்கத்து ஊரில் கூலிக்கு நாற்றுப் பறித்தார். நீங்கள் அந்தப் பாடத்தையே கைவிட்டீர்கள். பிறகு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நோட்ஸ்தான். எல்லோரும் பாஸ், உங்களுக்கு நல்லாசிரியர் என்று பெயர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று ஊரில் ஒருவராவது உங்கள் காதுபடச் சொன்னார்களா? வாத்தியாருக்கு யார் சொல்வது! அந்த வயலை விற்றுத்தான் எனக்குக் கல்யாணம் செய்தீர்கள். திருப்பிக் கொடுக்க இப்போது என்னிடம் ஒரு குழி நிலமும் இல்லை.

விழாவுக்கு அழைக்க வந்தது யார் தெரியுமா? செல்வராசுதான். நம் பள்ளியிலேயே இப்போது வரலாறு நடத்துகிறார். கூடப் படித்தவர், இன்னும் என்னை ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறார்.

“சார் இல்லன்னா நான் மாடு மேச்சுக்கிட்டு இருந்திருப்பேங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க.”

“அந்த வயல் விஷயம்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க? அப்பாவையும் அழைச்சுக்கிட்டு வர்றேன். சார் படத்துக்கு அவர் கையாலதான் மாலை போடணுமாம்.”

அப்பா, எனக்கு உங்கள்மேல் அவ்வளவு கோபம். உங்களிடம் கேட்கத் துணிவில்லாமல் நீங்கள் போகும்வரை காத்திருந்த என்மேல் அதைவிடக் கோபம்.

சத்தியமாகச் சொல்கிறேன். மாரிமுத்து மாலையைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் பேசிவிடுவேன். அந்த வயலை உழுதது யார் என்று தெரிந்தேதான் அன்று நீங்கள் பொய் சொன்னீர்கள், நான் வாயை மூடிக்கொண்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகும் மாலை போடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் மகள்,
உங்களிடமே வரலாறு படித்த கமலா